எடைக்கல்லுக்கு வைத்த பொட்டு

இன்று காலை பினாங்கு ஜெலுத்தோங்கில் நம் தராசுப் பட்டறையின் இரும்புக் கதவைத் தூக்கியதும் சந்தன வாசம் முகத்தில் அடித்தது. ஆயுத பூசை. கணக்குப் பார்க்கும் அக்கா எனக்கு முன்பே வந்து, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தையும் பூவையும் தட்டில் எடுத்து வைத்திருந்தார். மற்றவர்களுக்கு இது பண்டிகை வாசம். எனக்கோ பய வாசம். ஓடிப் போய் எடைக்கல் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"என்ன முனியாண்டி, அந்தப் பெட்டிய யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்று அக்கா சிரித்தார்.

கூட்டாளி, நீ இருந்திருந்தால் நான் ஓடியிருக்க வேண்டாம். எனக்கு முன்பே நீ பெட்டியை வேனுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருப்பாய். ஆறு வருடமாக ஒவ்வொரு பூசைக்கும் அப்படித்தான் நின்றாய். "சாமிக்கு நான் எதிரி இல்ல முனியா, சந்தனத்துக்குத்தான்" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பது போல வாயைத் திறந்து வைத்துக்கொள்வேன். இந்த வருடம் வாசலில் நீ இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "போன ஆளுக்கு எந்த விலாசத்துக்கு அனுப்பப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள். விலாசம் கிடக்கட்டும். இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நாம் இருவரும் ஒரே வேனில் எத்தனை வருடம் ஓடியிருப்போம்! காலையில் நிபோங் திபாலில் செம்பனை எண்ணெய் ஆலையின் லாரி எடை மேடைக்கு அடியில் சேற்றில் படுத்திருப்போம். எலி கடித்த வயரை மாற்றி, பெட்டிக்குள் கூடு கட்டிய எறும்பை ஊதித் தள்ளுவோம். மத்தியானம் கையைக் கழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டு, ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசின் முன் மூச்சை அடக்கி நிற்போம். காலையில் நாற்பது டன், மத்தியானம் ஒரு மில்லிகிராம். நீ யாழ்ப்பாணத்துக் குடும்பம், நான் தோட்டத்துப் பிள்ளை. 'ஆமா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீ 'ஓம்' என்று சொல்லிவிட்டாய், அன்றைக்கே உனக்குச் 'சிலோன்' என்று பேர் வைத்துவிட்டேன். கடைசி வரை அதுதான் நிலைத்தது.

நான் எப்படிப்பட்டவன் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. வேனைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன். தராசில் மட்டம் காட்டுகிற காற்றுக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று மறுபடி பார்க்கிறவன். "டேய், குமிழ் நடுவுலதான் நிக்குது. நீதான் ஆடுற" என்பாய். அந்தப் பயம் பிடித்த நானே அந்த வேலையைச் செய்துவிட்டேன் என்பதுதான் இன்று வரை எனக்கு விளங்காத ஒன்று.

ஏழு வருடத்துக்கு முந்தைய பூசைக்கு நீ வரவில்லை. உன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட வீட்டிலிருந்து பூசைக்குப் போகக் கூடாது என்று உன் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். பட்டறையில் நான், அக்கா, முதலாளி மூவர்தான். நம் முதலாளி சீனர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பின்கட்டில் அவருடைய சாமிக்குத் தினமும் ஊதுபத்தி ஏற்றுவார், நம் பூசையில் முதல் தேங்காயும் அவர்தான் உடைப்பார். அன்றைக்கும் உடைத்தார், சிதறியதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தேன். வேனுக்கு வைத்தேன். திருப்புளிக்கு, சுத்தியலுக்கு, ஜாக்கிக்கு வைத்தேன். கடைசியில் எடைக்கல் பெட்டி. மூடி மேல் ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நமக்குச் சோறு போடுவது பெட்டியா, உள்ளே இருக்கிற கல்லா? திறந்தேன். நீல வெல்வெட்டுக் குழிகளில் வரிசையாகப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் பெரியது இருநூறு கிராம். குட்டையான உடம்பு, ஒரு கழுத்து, மேலே பிடிக்கிற குமிழ். அதற்கு நெற்றி எது என்று தேடி, குமிழுக்குக் கீழே சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். என் வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், சிலோன். அந்த வருடம்தான் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. செம்பனை ஆலையில் எடை மேடைக்கு அடியில் முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்க மறந்து, அரை நாள் முழுக்க லாரிகளெல்லாம் எடை குறைந்து போன விவகாரம். இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லை என்று தவுக்கே எழுத்தில் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலையில் பொட்டை டிஷ்யூவால் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். கழுத்துப் பள்ளத்தில் ஒரு துளி ஒட்டிக் காய்ந்து நின்றது என் கண்ணில் படவில்லை.

எடைக்கல்லை வெறும் விரலால் தொட்டாலே கத்துகிற ஆள் நீ. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசைகூடக் கல்லில் ஏறிவிடும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும் என்பாய். அப்படிப்பட்ட கல்லுக்கு நான் பொட்டு வைத்திருக்கிறேன்! இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

நீ விடுப்பு முடிந்து வந்தாய். அடுத்த பதினோரு நாளில் ஆறு ஆய்வுக்கூடங்களுக்குப் போனோம். ஆறு இடத்திலும் அந்தக் கல்லை வைத்துத்தான் தராசைச் சரி செய்தோம். கல்லை வைத்தது என் கை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியது நீ. அந்த அதிகாரம் உனக்கு மட்டும்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து போன் வந்தது. ஆறில் ஒன்று, மருந்து செய்கிற இடம். அங்கே ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் நம் ஆள், நயமாகத்தான் பேசுவார். அன்றைக்கு நயம் இல்லை.

"அண்ணே, நீங்க வந்து பாத்துட்டுப் போனதுலேருந்து எங்க இருநூறு கிராம் வெயிட்டு நாலு மில்லிகிராம் கம்மியா காட்டுது. தினமும் காலையில வச்சுப் பாக்குறோம். தராசு கெட்டுப் போச்சா, இல்ல எங்க வெயிட்டு கெட்டுப் போச்சா? இன்னைக்குள்ள எனக்குப் பதில் வேணும்லா."

போனோம். நீ வழக்கம்போல அவசரப்படாமல் ஆரம்பித்தாய். முதலில் குமிழ். நடுவில் நின்றது. பிறகு கண்ணாடிக் கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்தாய். காற்று அடிக்காமலிருக்க மேடத்திடம் சொல்லி ஏர்கோனை அணைக்க வைத்து, அரை மணி நேரம் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாய். தட்டைக் கழற்றித் தூசி துடைத்தாய். மேசையைத் தட்டிப் பார்த்தாய். கீழ்த் தளத்தில் ஏதாவது இயந்திரம் ஓடுகிறதா என்று தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். பிறகு அவர்களுடைய கல்லைத் தட்டின் நாலு மூலையிலும் வைத்தாய், நடுவில் பத்து முறை வைத்து எடுத்தாய். பத்து முறையும் அதே எண். நாலு மில்லிகிராம் குறைவு, ஒரு துளி ஆட்டமில்லை.

"சீக்கு வந்த தராசு தடுமாறும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய். "இது தடுமாறல. தெளிவா, தைரியமாப் பொய் சொல்லுது. யாரோ சொல்லிக்கொடுத்த பொய் இது."

பிறகு நம் கல்லை வைத்தாய். எண் ஓடி வந்து சரியாக இருநூறில் நின்றது. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். இடுக்கியால் கல்லை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றினாய். அப்புறம் நீ செய்த காரியத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கல்லை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாய்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கல்லில் கூடுதலாக நாலு மில்லிகிராம் சந்தனம். அதையும் சேர்த்து இதுதான் இருநூறு என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதனால்தான் அவர்களுடைய உண்மையான இருநூறு குறைந்து தெரிந்தது. மருந்து செய்கிற இடம்! எந்தப் பிள்ளை எந்த மருந்தைக் குடித்ததோ என்று என் புத்தி அதற்குள் எங்கெங்கோ ஓடிவிட்டது.

நீ மேடத்தின் பக்கம் திரும்பினாய். "தப்பு உங்க மேல இல்ல மேடம். உங்க தராசு மேலயும் இல்ல. எங்க வெயிட்டுல அழுக்கு இருக்கு. நாளைக்குக் காலையில வேற வெயிட்டு கொண்டாந்து சரி பண்ணித் தர்றோம். அதுவரைக்கும் இந்தத் தராச யாரும் தொட வேணாம்" என்றாய். அவர் முகம் மாறியது. நமக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பியது அந்த ஒரு முறைதான்.

வேனுக்கு வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் புகை மூடினது போல ஆகிவிட்டது. நீ வண்டியை எடுக்கவில்லை.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

"தெரியும். எடைக்கல்லுக்கு நெத்தி தேடுற ஆளு நம்ம பட்டறையில வேற யாரு?"

நான் அழுதுவிட்டேன். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நீ பேனாவை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டுக் காட்டினாய். "இருநூறு கிராமுக்கு நாலு மில்லி. அவங்க நிறுக்கிறது ஒரு கிராம், ரெண்டு கிராம். அதுல இது ஒண்ணுமே இல்ல. யாருக்கும் எதுவும் ஆகாது, நிம்மதியா மூச்சு விடு." நான் மூச்சு விட்டேன். நீ தொடர்ந்தாய், "ஆனா நம்ம பேப்பர் பொய்யி. மிச்ச அஞ்சு இடத்துக்கும் சொல்லணும்."

"சொல்லாம விட்டா? கல்லைத் துடைச்சிட்டு, நாளைக்குப் போயி..."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேனிலேயே உட்கார்ந்து மீதி ஐந்து இடத்துக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டாய். ஒவ்வொரு இடத்திலும் அதே மூன்று வாக்கியம். எங்க வெயிட்டுல தப்பு. உங்க தராசுல இல்ல. நாளைக்கு வர்றோம். ஒரு இடத்தில் கத்தியது எனக்கே கேட்டது. நான் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டறைக்கு வந்து தவறு அறிக்கைப் பாரத்தை எடுத்தாய். என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, எல்லாம் உன் கொட்டை கொட்டையான எழுத்தில் எழுதினாய். கடைசியில் 'பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம். பேனா அங்கே நின்றது.

"வச்சது நீ. நாலு நாள் கழிச்சு வந்து, பெட்டியத் திறந்து ஒவ்வொரு கல்லாப் பாக்காமக் கையெழுத்துப் போட்டது நான். இந்தக் கட்டத்துல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு" என்றாய்.

அந்த நேரத்தில் நான் என் பேரை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். எச்சரிக்கைக் கடிதம் கண் முன்னால் வந்தது. மென்று முழுங்கினேன். நீ எழுதிவிட்டுப் பாரத்தைக் கவிழ்த்து வைத்தாய். கல்லைத் துடைக்கவும் விடவில்லை. ஆதாரம் அது, அப்படியே இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டி, பாரத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தாய்.

தவுக்கே உன் முத்திரையை வாங்கிக்கொண்டார். எட்டு மாதம், முத்திரை கொடுக்கிற கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பையன் வந்து கையெழுத்துப் போட்டான், நீ அவனுக்கு எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். போனில் கத்திய இடம் நம்மை விட்டே போனது. அப்புறம் எல்லாம் ஆறி, முத்திரை உன்னிடம் திரும்பி வந்து, கதை மட்டும் மிச்சம் நின்றது. ஒவ்வொரு சீனப் பெருநாள் விருந்திலும் தவுக்கே அதைச் சொல்லுவார். பாரத்தில் இருந்த பேரை வைத்து, எடைக்கல்லுக்குச் சந்தனம் பூசின ஆள் என்று உன்னைக் காட்டுவார். அன்றைக்கு நீ விடுப்பில் இருந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. நீயும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டுவாய். நான் தட்டில் இருக்கிற மீனில் முள் தேடிக்கொண்டிருப்பேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பார்த்தால் நான் உளறிவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குக் காரியம் பதினாறாம் நாள். உங்கள் வீட்டில் முப்பத்தொன்றாம் நாள் என்றார்கள். அதற்குத் தவுக்கேயும் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, உன் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்தார். பிறகு உன் மகளைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உங்கப்பா மாதிரி ஆள் பினாங்கிலேயே கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தப்புத்தான். அந்தச் சந்தனம்!"

சுற்றி இருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளை சிரிக்கவில்லை. சந்தனம் என்றால் என்ன கதை என்று கேட்டாள். தவுக்கே பூசையிலிருந்து ஆரம்பித்து முழுக்கச் சொன்னார். அவர் போனதும் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, அந்தப் பூசைக்கு அப்பா வரவே இல்லையே. எனக்கு அம்மை போட்டிருந்துச்சு, அப்பா வீட்லதானே இருந்தாரு. அப்புறம் எப்படி அவரு சந்தனம் வச்சிருப்பாரு?"

சிலோன், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேற வருஷமா இருக்கும்மா" என்றேன். உன் படம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் "ஓ" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் தவுக்கே உன் முத்திரையை என்னிடம் கொடுத்தார். கையெழுத்து அதிகாரம் இனி எனக்கு. பெட்டியைத் தினமும் இரண்டு முறை திறக்கிறேன், கல்லை ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிப் பார்க்கிறேன், மோந்தும் பார்க்கிறேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது போலத் தெரியும். கல்லில் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் நெஞ்சு அடங்க மாட்டேன் என்கிறது. தராசுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவன், இப்போது உன் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்று அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று பூசை முடிந்தது. தவுக்கே தேங்காய் உடைத்தார். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணடித்தார். "பார்த்து லா. உன் கூட்டாளி பண்ணின மாதிரி நீயும் பண்ணிடாதே."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மாடிக்கு ஏறினேன். பழைய கோப்புகள் இருக்கிற அலமாரியைத் திறந்து அந்தப் பாரத்தைத் தேடி எடுத்தேன். கையில் ஸ்கேலும் பேனாவும் வைத்திருந்தேன். எழுத்துப் பிழை வந்தால் அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது, தப்பு கண்ணுக்குத் தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். நம் தொழிலில் முதல் நாளிலிருந்து அதுதானே சட்டம். உன் பேருக்குக் குறுக்கே கோடு போட்டு என் பேரை எழுதிவிடலாம் என்றுதான் போனேன்.

கட்டத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

உன் எழுத்து எப்போதும் கட்டத்துக்குள் அடங்காது. அந்தப் பாரத்திலேயே மற்ற எல்லாக் கட்டத்திலும் கோட்டைத் தாண்டி வெளியே வழிந்துதான் கிடக்கிறது. 'பொறுப்பானவர்' கட்டத்தில் மட்டும் உன் பேரைப் பொடி எழுத்தில், மேலே ஒட்டினாற்போல் எழுதியிருக்கிறாய். கீழ்ப் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. ஏழு வருடமாக அப்படியே கிடந்திருக்கிறது.

எனக்காக விட்ட இடமா? அன்றைக்குக் கை வலித்ததோ, பேனா சரியில்லையோ, எனக்குத் தெரியாது. கேட்க நீ இல்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கேலைக் கீழே வைத்தேன். உன் பேரை அடிக்கவில்லை. அதற்குக் கீழே என் பேரை எழுதினேன். முனியாண்டி, கல்லுக்குச் சந்தனம் வைத்தவர். கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டேன். இடம் சரியாக இருந்தது.

தவுக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஊதுபத்திப் புகையில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"ஏன் இப்போ?" என்றார்.

"அவர் மகள் கேட்டாள். நான் பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பிள்ளை முன்னால, படத்துக்கு முன்னால என்னையும் பொய் சொல்ல வச்சுட்டியே" என்றார். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முத்திரையை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கோலாலம்பூருக்குப் பேசிவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். வேலை இருக்குமா இல்லையா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தூக்கிப் போடுகிறது.

மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பிளாஸ்டிக் பையையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். உன் மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு கதவைத் திறந்தாள். உன் மனைவி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் வைத்தது நான், பேரை எழுதிக்கொண்டது நீ, அன்றைக்கு உன் மகளிடம் நான் சொன்னது பொய், அது அந்த வருடம்தான், நீ வீட்டில்தான் இருந்தாய்.

உன் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை அழவில்லை. முகம் சிவந்து போனது.

"மாமா, அந்த நாலு நாளும் அப்பா என் பக்கத்துலயே இருந்தாரு. வேப்பிலைய வச்சுத் தடவிக் கொடுத்துக்கிட்டே, பழைய பேட்டரி தராசு ஒண்ணக் கழட்டி எனக்குக் காமிச்சாரு. எனக்கு அப்பா கூட இருந்ததுலயே அதுதான் ரொம்பப் பிடிச்ச ஞாபகம். நீங்க வேற வருஷம்னு சொன்னீங்க. பெரியவங்க சொன்னாச் சரியாத்தானே இருக்கும்? அப்ப அதெல்லாம் நானா கனவு கண்டதோன்னு நெனச்சுட்டேன். ரெண்டு மாசமா அத நெனைக்கவே பயமா இருந்துச்சு."

இத்தனை நாளும் உன் பேருக்கு நேர்ந்த களங்கம் ஒன்றையே நினைத்து நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் நாலு நாளை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று கேட்கும்போதுதான் தெரிந்தது.

பையைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். கழுத்துப் பள்ளத்தில் அந்தத் துளி இன்னும் இருக்கிறது, கறுத்துப் போய். அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். உன்னைப் போலவே, சிலோன். அதே மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"வாசம் ஒண்ணுமே இல்ல" என்றாள்.

"நீயே வச்சுக்கம்மா" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கல்லைப் பைக்குள் போட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் மாமா. எனக்கு உங்க மேல இன்னும் கோபமா இருக்கு. நீங்களே வச்சிருங்க. கோபம் போனப்புறம் நானே வந்து வாங்கிக்கிறேன்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் பையில்தான் இருக்கிறது. குனிந்து எழுதும்போது முன்னால் தொங்கி மேசை விளிம்பில் இடிக்கிறது. நாளைக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டையை மாற்றும்போது மறக்காமல் இதையும் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அவள் எப்போது வந்து கேட்பாள் என்று தெரியாது.